கோபுரம் ஏன் பின்னால் சாய்கிறது? கோடு கோணாமல் தமிழகத்தைப் படம்பிடித்த கேப்டன் ட்ரைப்பின் கதை

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் கோபுரத்துக்கு எதிரே தெருவில் நின்று, போனைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கோபுரம் முழுசாக ஃபிரேமுக்குள் வந்துவிடும். ஆனால் நேரில் கம்பீரமாக நிற்கிற கோபுரம், படத்தில் மல்லாந்து விழப்போவது மாதிரி இருக்கும். பக்கத்துக் கடைச் சுவர், மின்கம்பம் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கோபுரம் மேலே போகப்போகக் குறுகுவது உண்மைதான். படத்தில் அது அதையும் தாண்டிக் குறுகியிருக்கும். பாகூர் மூலநாதர் கோயிலில் எடுத்தாலும் இதே கதைதான்.

போன் ரிப்பேர் இல்லை. இது சாதாரண ஸ்கூல் ஜியோமெட்ரி. கேமராவுக்குள் இருக்கும் சென்சார், எதிரே இருக்கும் சுவருக்கு இணையாக நின்றால், சுவரின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே விழும். கேமராவை அண்ணாந்து பிடித்த உடனே சென்சாரும் சாய்ந்துவிடுகிறது. சுவரின் மேல்பகுதி தூரத்தில் இருப்பது போல ஆகி, சின்னதாக விழுகிறது. ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது மாதிரி தெரியுமே, அதைத்தான் தண்டவாளத்துக்குப் பதில் கோபுரத்தை வைத்துப் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

டி.எஸ்.எல்.ஆர். கேமராக்காரர்கள் இதற்கு டில்ட்-ஷிஃப்ட் என்று ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு விதமாக ஞாபகம் இருக்கும்: ஊரையே பொம்மை ஊர் மாதிரி காட்டும், மேலும் கீழும் மங்கலான ஒரு ஃபில்டர். அது அந்த லென்ஸை வைத்துச் செய்யும் ஒரு வேடிக்கை மட்டும்தான். அதன் உண்மையான வேலை, கட்டடத்தைக் கட்டடமாகக் காட்டுவது. அந்த ஒரு வேலைக்காக 1850-களிலேயே ராட்சதக் கேமராவோடு மாட்டு வண்டியில் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றிய ஒருவர் இருந்தார். பெயர் லின்னேயஸ் ட்ரைப். தமிழ்நாட்டுக் கோயில்களின் மிகப் பழைய புகைப்படங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் சில அவருடையவை. பெரும்பாலும் பெயர் இல்லாமலே சுற்றும்.

லென்ஸை மட்டும் நகர்த்தினால் போதும்

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால், இந்த ஷிஃப்ட் என்பது என்ன என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம். சும்மா ஒரு 75 அடி கோபுரம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 60 அடி தள்ளி நிற்கிறீர்கள். ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், கேமரா செங்குத்தாக, தரையிலிருந்து 5 அடி உயரத்தில், துளியும் அண்ணாக்காமல். இப்போது தரையிலிருந்து சுமார் 50 அடி வரைதான் ஃபிரேமுக்குள் வரும். கலசம் அவுட். படத்தின் கீழ்ப்பாதியை வெறும் ரோடு தின்றுவிடும். கலசமும் வேண்டும் என்றால் 93 அடிக்குப் பின்னால் போக வேண்டும். நம்ம ஊர்த் தேரோடும் வீதிகளில் அவ்வளவு பின்னால் போனால் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான் போய் நிற்போம்.

ஷிஃப்ட் லென்ஸில், கேமராவை அப்படியே வைத்துவிட்டு லென்ஸை மட்டும் 12 மி.மீ. மேலே நகர்த்தலாம். அதே இடத்திலிருந்து இப்போது 80 அடி வரை தெரியும். சென்சார் சாயவில்லை என்பதால் கோடும் சாயாது. ரோடு குறைந்து கோபுரம் உள்ளே வருகிறது. சாதாரண லென்ஸில் ஏன் இது முடியாது என்றால், லென்ஸ் உள்ளே வீழ்த்துவது ஒரு வட்டமான படம். சாதாரண லென்ஸில் அந்த வட்டம் சென்சாரை மூடும் அளவுக்குத்தான் இருக்கும். ஷிஃப்ட் லென்ஸில் வட்டம் பெரிது. கேனானின் 24 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸில் 67 மி.மீ.க்கு மேல், ஃபுல் ஃபிரேம் சென்சாரின் மூலைக்கு மூலை அளவோ 43 மி.மீ.தான். அந்த மிச்ச இடத்துக்குள் சென்சார் விளையாடலாம்.

எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு இந்த மாதிரி லென்ஸை நிக்கான் கொண்டுவந்தது 1960-களின் தொடக்கத்தில். ஷிஃப்ட்டோடு டில்ட்டும் சேர்ந்த லென்ஸை கேனான் 1973-இல் கொண்டுவந்தது. ஆனால் லென்ஸை ஒரு பலகையில் பொருத்தி, அந்தப் பலகையை மேலும் கீழும் நகர்த்தும் யோசனை 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய மரக் கேமராக்களில் வந்துவிட்டது. இவ்வளவு நவீனமாகத் தெரியும் லென்ஸ், தாத்தா காலத்து மரப்பெட்டியைச் சுருக்கியதுதான்.

சிப்பாய் வேலைக்கு வந்தவர்

ட்ரைப் பிறந்தது 1822 ஏப்ரல் 14, இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில். கடற்படைத் துறைமுக ஊர். வீட்டில் 12 பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. லின்னேயஸ் என்பது செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்து வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞரின் பெயர். பெயருக்கு ஏற்ற பிள்ளையாகத்தான் வந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. எதையும் வரிசைப்படுத்தி, எண் போட்டு, அளந்து வைக்கிற ஆள்.

1838-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் சேர்ந்தார். மெட்ராஸ் படைப்பிரிவு. தென்னிந்தியாவில் பத்து வருஷத்துக்கு மேல் சாதாரண ராணுவ வாழ்க்கை. 1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனார். உடம்பு சரியில்லாமல் விடுப்பு நீண்டுகொண்டே போனது. அந்த இடைவெளியில்தான் புகைப்படம் அவரைப் பிடித்துக்கொண்டது.

அப்போது புகைப்படம் என்கிற விஷயத்துக்கே வயது 15-தான். வசதியும் பொறுமையும் உள்ள சிலர் மட்டுமே கைவைக்கும் புது டெக்னாலஜி. 1853-இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியதும் ட்ரைப் அதில் சேர்ந்தார். ஊர்க் கப்பல்தளத்தையும் கட்டடங்களையும் எடுத்துப் பழகினார். 1854-இல் கேப்டனாகப் பெங்களூருக்குத் திரும்பி வரும்போது பெட்டியில் கேமராவும் இருந்தது.

வந்த வருஷமே டிசம்பரில் ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகொளா. ஹொய்சளர் சிற்பங்களை எடுத்துத் தள்ளினார். 1855 பிப்ரவரியில் மெட்ராஸில் நடந்த பொருட்காட்சியில் 68 படங்களை வைத்தார். அதுவரை யாரும் கேமராவில் பார்த்திராத கோயில்கள். நடுவர்கள் அதைத்தான் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே சமயத்தில் லண்டனில் கம்பெனி இயக்குநர்களுக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவின் பழைய கட்டடங்களை வரைந்து பதிவுசெய்ய ஓவியர்களுக்குக் கொடுக்கும் காசு அதிகம். கேமரா வைத்தால் செலவும் மிச்சம், துல்லியமும் கிடைக்கும். புகைப்படத்தைப் பயன்படுத்துங்கள் என்று மாகாண அரசுகளுக்கு 1855-இல் எழுதினார்கள். காசு மிச்சம் பிடிக்கத்தான் கேமராவைக் கூப்பிட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் பெரிய வேலை பர்மாவில் கிடைத்தது. பர்மாவின் தென்பகுதியைப் பிடித்துக்கொண்ட பிறகு, கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி 1855-இல் மிண்டோன் மன்னரின் அமரபுரம் அரசவைக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் ட்ரைப் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். 200 படங்களுக்கு மேல் எடுத்தார். அதிலிருந்து 120-ஐத் தேர்ந்தெடுத்து 50 செட் அச்சிட்டார். கையால். ஒவ்வொரு பிரிண்டும் வெயிலில் வைத்து எடுக்க வேண்டிய காலம் அது. 120-ஐ 50-ஆல் பெருக்கினால் 6,000.

கேமரா எவ்வளவு பெரிது?

இப்போதுதான் நம்ம ஊருக்கு வருகிறார். மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் நியமனம். 1857 டிசம்பரில் பயணம் தொடங்குகிறது. வடக்கே கிளர்ச்சியும் போரும் எரிந்துகொண்டிருந்த நேரம். தெற்கே ஒரு கம்பெனி கேப்டன் கோயில் கோயிலாகப் போய்க் கேமரா வைக்கிறார். இதைச் சும்மா கலை ஆர்வம் என்று மட்டும் பார்க்க முடியாது. ஆளுகிற நாட்டில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவதும் ஆட்சியின் ஒரு பகுதிதான். அவர் படம் எடுத்ததில் கோட்டைகளும் இருக்கின்றன என்பது தற்செயல் இல்லை.

சேலம் பக்கம் ராயக்கோட்டை, அப்புறம் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு. 1858 கோடைக்குள் முடித்தாக வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் ரசாயனம் கெட்டுவிடும். இந்த ரூட்டை இன்று பைக்கில் போனாலே இடுப்பு கழன்றுவிடும். அவர் மாட்டு வண்டிகளில் போனார்.

வண்டி ஏன் என்றால், படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவது நடைமுறைக்கு வராத காலம். எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டும். அவருடைய நெகட்டிவ் சுமார் 15 அங்குலம் அகலம், 12 அங்குலம் உயரம். நெகட்டிவே அவ்வளவு என்றால் கேமராப் பெட்டி எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். நெகட்டிவும் பிலிமில் இல்லை, காகிதத்தில். காகிதத்தில் மெழுகு ஏற்றி, வெள்ளி உப்பு பூசி, கேமராவில் வைத்து, நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்பது கட்டடம் மட்டும்தான். அதனால்தான் அவருடைய மதுரையில் ஆளே இல்லை. மக்கள் இல்லாமல் இல்லை. நடந்து போனவர்கள் எல்லாம் படத்தில் பதியாமலே போய்விட்டார்கள்.

அவர் படங்களை வரிசையாகப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கோடுதான். தூண்கள் தூணாக நிற்கின்றன. மதுரை புதுமண்டபத்தின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தை எடுத்த படத்தில், தூண் வரிசை தூரம் போகப்போகச் சின்னதாகிறது, ஆனால் ஒரு தூண்கூடச் சாயவில்லை. கேமராவை மட்டமாக நிறுத்தும் ராணுவ ஒழுங்கு அது. படம் அழகாக இருக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அதைப் பார்த்து ஒருவர் தூணின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட முடிய வேண்டும் என்பது இன்னொரு பக்கம். சாய்ந்த படத்தில் அந்தக் கணக்கு நேரடியாக வராது.

அதன் மதிப்பு பிறகுதான் தெரிந்தது. திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்தபோது அது பாழடைந்து கிடந்தது. கவர்னர் நேப்பியர் அதைப் பழுதுபார்க்கத் தொடங்கியது 1866-க்குப் பிறகுதான். பழுதுபார்ப்பதற்கு முன்னால் மகால் எப்படி இருந்தது என்று கேட்டால், கைகாட்ட ட்ரைப்பின் படங்கள் இருக்கின்றன.

தஞ்சாவூரில் 21 படங்கள்

ட்ரைப்பின் வேலையில் எனக்குப் பிடித்தது, அதிகம் ஷேர் ஆகாத ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் சுமார் 200 அடி விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். ட்ரைப் அதையும் எடுத்தார். ஆனால் பிறகு கேமராவைக் கீழே இறக்கி, விமானத்தின் அடித்தளத்தைப் பார்க்கத் திருப்பினார். அங்கே சுற்றிச் சுற்றிக் கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டுகளைச் சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்தார். 21 படங்கள். எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டினால் சுமார் 19 அடி நீளம் வரும் ஒரே படம். இன்று போனில் பனோரமா மோடில் ஒரு சுற்றுச் சுற்றுகிறோமே, அது மாதிரி இல்லை. நாம் ஒரே இடத்தில் நின்று கழுத்தைத் திருப்புகிறோம், அதனால் சுவர் வில்லாக வளைந்துவிடும். இவர் சுவருக்கு இணையாகக் கேமராவையே தூக்கித் தூக்கி நகர்த்தினார். தூரம் கொஞ்சம் மாறினாலும் எழுத்தின் அளவு மாறும். கேமரா கொஞ்சம் திரும்பினாலும் ஒரு முனையில் எழுத்து பெருத்து, மறுமுனையில் சிறுத்து, அடுத்த படத்தோடு ஒட்டாது. 21 தடவையும் பிசகாமல் இருக்க வேண்டும். அதுவும் கையில் பிடிக்க முடியாத ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு.

இதில் என்ன அவ்வளவு விசேஷம் என்று கேட்டால், அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்றே அப்போது ஊருக்கு உறுதியாகத் தெரியாது. ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜராஜ சோழன்தான் என்று ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஸ் படித்து நிறுவியது 1880-களின் பிற்பகுதியில். ட்ரைப்புக்குத் தமிழ்க் கல்வெட்டு படிக்க வராது. படிக்கத் தெரியாத எழுத்தை, படிக்கத் தெரிந்த ஒருவர் என்றாவது வருவார் என்று ஒரு எழுத்தும் கோணாமல் எடுத்து வைத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

இதே வேலையை இன்று டி.எஸ்.எல்.ஆரில் செய்வதற்கு டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இரண்டு விதத்தில் உதவும். ஒன்று, லென்ஸை இடது, நடு, வலது என்று ஷிஃப்ட் செய்து மூன்று படம் எடுத்து ஒட்டினால், சுவர் வளையாமல் அகலமான படம் கிடைக்கும். இரண்டாவது, டில்ட். நெரிசலான பிராகாரத்தில் சுவருக்கு நேர் எதிரே நிற்க இடம் இருக்காது. பக்கவாட்டில் நின்று எடுத்தால் அருகில் உள்ள எழுத்து ஷார்ப், தூரத்து எழுத்து மங்கல். லென்ஸைச் சில டிகிரி சாய்த்தால், ஷார்ப்பாகத் தெரியும் தளமும் சாய்ந்து சுவரோடு படிந்துவிடும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தெளிவு. இந்த விதிக்குப் பெயர் கொடுத்தவர் ஆஸ்திரிய ராணுவக் கேப்டன் தியோடர் ஷீம்ஃப்ளக். வானிலிருந்து எடுக்கும் படங்களின் கோணலைச் சரிசெய்து வரைபடம் போட முயன்றவர். 1904-இல் காப்புரிமை பெற்றார். அவரும் ஒரு கேப்டன், அவருக்கும் கோணல் ஆகாது. பொம்மை ஊர் எஃபெக்ட் வேண்டுமா? இதே டில்ட்டைத் தப்பான பக்கம் திருப்பினால் போதும்.

வரைந்த மேகங்கள்

ட்ரைப்பை முழு உண்மை விளம்பி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கால ரசாயனம் நீல நிறத்துக்கு மட்டும் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படும். கட்டடம் சரியாகப் பதிவதற்குள் வானம் வெளுத்துப்போய் வெற்றுக் காகிதமாகிவிடும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தடவி மேகங்களை உண்டாக்கினார். சில இடங்களில் இலைகளையும் தொட்டு நிரப்பினார். கையால் போட்ட ஃபோட்டோஷாப்!

கல்லில் கை வைக்காதவர் வானத்தில் தாராளமாக விளையாடியிருக்கிறார். இதை ஏமாற்று என்று சொல்வதா? நான் சொல்ல மாட்டேன். எது ஆதாரம், எது அலங்காரம் என்று அவருக்கு ஒரு கோடு தெளிவாக இருந்திருக்கிறது. அலங்காரத்தை மேகத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பெயர் விட்டுப்போகக் கூடாத இன்னொருவர் இருக்கிறார். ட்ரைப்போடு வேலை பார்த்த ஐயாசாமி. மெட்ராஸ் தொழிற்கலைப் பள்ளியோடு தொடர்புடையவர். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் ஒரு தமிழரின் பெயர் பதிவாகியிருப்பதே அபூர்வம்.

ஆடம்பரச் செலவு

1858-இல் மெட்ராஸ் திரும்பியதும் ட்ரைப் இன்னொரு வேலை செய்தார். ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியிலிருந்து வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் மெட்ராஸ் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அடுத்த வருஷமே அந்தச் சிற்பங்கள் லண்டனுக்குக் கப்பல் ஏற்றப்பட்டன. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. படம் எடுத்து வைப்பது ஒரு பொருளைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது சொன்னால், இந்த இடத்தைக் காட்டலாம்.

மதுரை, தஞ்சை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று தொகுப்புகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பிரிண்ட் வேலை மலைபோல மிச்சம் இருந்தது. 1859-இல் மெட்ராஸுக்குப் புது கவர்னர் வந்தார், சார்ல்ஸ் ட்ரெவெலியன். கிளர்ச்சிக்குப் பிறகு அரசின் கஜானா காலி. எங்கே வெட்டலாம் என்று பார்த்தவர் கண்ணில் புகைப்படப் பிரிவு பட்டது. இது அரசாங்கம் தாங்க வேண்டிய செலவு இல்லை, ஆடம்பரம் என்று முடிவுகட்டினார். நிறுத்தச் சொல்லி உத்தரவு. 1860-க்குள் கடை மூடப்பட்டது.

ஓவியரை வைத்தால் காசு அதிகம் என்று கேமராவைக் கூப்பிட்டு ஐந்தே வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் கேமராவே ஆடம்பரமாகிவிட்டது. (ட்ரெவெலியனும் அதிக நாள் நீடிக்கவில்லை. கல்கத்தா அரசின் புது வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக 1860-லேயே திருப்பி அழைக்கப்பட்டார்.)

ட்ரைப்புக்கு அப்போது வயது 38. அவர் மறுபடி ராணுவ வேலைக்குப் போனார். பிறகு கேமராவைத் தொட்டது மிகக் கொஞ்சம். நமக்குத் தெரிந்த ட்ரைப் எல்லாம் 1854 முதல் 1860 வரை, ஆறே வருஷத்துக்குள் அடங்கிவிடுகிறார். 1870-களில் ஓய்வுபெற்று டெவன்போர்ட் திரும்பினார். 1902 மார்ச் 2-இல் அங்கேயே இறந்தார். அதற்குள் புகைப்படம் சாதாரண மக்கள் கையிலும் வந்துவிட்டது. கோடாக் பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றுலாப் போகிறவர்களுக்கு அவர் யாரென்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 2014, 2015-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று பெரிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து அவருக்கு ஒரு கண்காட்சி நடத்தின. வேலையைப் பிடுங்கி 150 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

புதுச்சேரி ஏன் இல்லை?

ட்ரைப்பின் தொகுப்புத் தலைப்புகளில் புதுச்சேரி கிடையாது. காரணம் சிம்பிள்: அவருக்குச் சம்பளம் கொடுத்தது பிரிட்டிஷ் கம்பெனி, வில்லியனூரும் பாகூரும் இருந்தது பிரெஞ்சுக்காரர்கள் கையில். வில்லியனூர்த் தேரை பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருந்தது, இன்று துணைநிலை ஆளுநர் செய்கிறார். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மெட்ராஸ் அரசின் கேமராவுக்கு வேலை இல்லை.

புதுச்சேரியில் கோயில்களை முறையாகப் படம் எடுக்கும் வேலை பெரிய அளவில் தொடங்கியது, 1955-இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வந்த பிறகு. தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அதன் சேகரிப்பில் இருக்கின்றன. ஆனால் ட்ரைப் தஞ்சையை எடுத்த 1858-இல் வில்லியனூர்க் கோபுரம் எப்படி இருந்தது என்று கேட்டால், எடுத்துக் காட்ட அவர் படம் ஒன்றுகூட இல்லை.

பாகூரைப் பற்றி ஒரு விஷயம். தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்த அதே ஹூல்ட்ஸ்தான் பாகூர்ச் செப்பேட்டையும் பதிப்பித்தார். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த ஒரு கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. மூலநாதர் கோயில் சுவரிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர்களுடையவை மட்டுமில்லை, அவர்களைத் தோற்கடித்து இந்தப் பக்கத்தைக் கொஞ்ச காலம் ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டும் உண்டு. தோற்றவர், ஜெயித்தவர் இருவரும் ஒரே கோயில் சுவரில். வெயில், மழை, விளக்கு எண்ணெய், திருப்பணியில் பூசும் சுண்ணாம்பு எல்லாம் கல்வெட்டுக்கு எமன்தான். நம்ம ஊர்ப் பழைய கோயில்களில் ஒரு தலைமுறைக்கு முன்னால் படிக்க முடிந்த எழுத்து இன்று தடவினால்தான் தெரிகிறது என்கிற நிலை புதிதல்ல.

உங்கள் கையில் இருப்பதை வைத்து

டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் வாடகைக்குக் கிடைத்தால் மூன்று விஷயம். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, கையால்தான். ஷிஃப்ட் செய்வதற்கு முன்னாலேயே எக்ஸ்போஷரை அளந்து லாக் செய்துவிடுங்கள், லென்ஸ் நகர்ந்த பிறகு மீட்டர் தப்பாகச் சொல்லும். டிரைபாட் இல்லாமல் முயற்சி செய்தால் கடுப்புதான் மிஞ்சும். தொல்லியல் துறைக் கோயில்களில் டிரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் இல்லை, போன்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. கேமரா செட்டிங்கில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். 0.5 எக்ஸ் வைடு லென்ஸுக்கு மாறுங்கள். போனைச் செங்குத்தாக, துளியும் அண்ணாக்காமல் பிடியுங்கள். கீழ்ப்பாதி முழுக்க ரோடு வரும், கவலைப்படாமல் எடுத்துவிட்டு அந்த ரோட்டை கிராப் செய்யுங்கள். ஜியோமெட்ரிப்படி பார்த்தால் இதுவும் ஷிஃப்ட் லென்ஸ் செய்வதேதான். பெரிய வட்டத்திலிருந்து மேல்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பிக்சல் கொஞ்சம் நஷ்டம். முதலில் பார்த்த 75 அடி கோபுரம், 60 அடி தூரத்தில், இதில் உள்ளே வந்துவிடும். சாய்த்து எடுத்துவிட்டு அப்புறம் ஆப்பில் நிமிர்த்தலாமே என்றால் அதுவும் முடியும்தான். ஆனால் மேலே இருக்கும் சுதைச் சிற்பங்களை இழுத்து நீட்டித்தான் நிமிர்த்தும். நீட்டிய இடத்தில் விவரம் புதிதாக முளைக்காது.

கல்வெட்டு எடுப்பதாக இருந்தால் சுவருக்கு நேர் எதிரே நில்லுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும் காலையோ மாலையோ போங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு கொஞ்சம் மேலே ஏறட்டும். ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. தேதியையும், எந்தப் பக்கத்துச் சுவர் என்பதையும் எழுதி வையுங்கள்.

ட்ரைப்பின் படங்கள் பலவற்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. போனில் திறந்து, விரல்களால் பெரிதாக்கி, மதுரைத் தூண்களின் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.